எட்டு மில்லி

கொத்தனார்கள் அவரை ரசமட்டம் என்றுதான் கூப்பிடுவார்கள். டைல்ஸ் ஒட்டுகிறவர்களில், தரை மட்டமா என்று குமிழியால் காட்டும் அந்தக் கருவியை, ரசமட்டத்தை, வைத்திருக்காதவர் யாரும் இல்லை. ஆனால் அதைத் தரையில் வைப்பதற்கு முன்பே குனிந்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, "அந்த மூலை ரெண்டு மில்லி தூக்கல்" என்று சொல்லிவிடுகிறவர் அவர் ஒருவர்தான். வைத்துப் பார்த்தால் ரெண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும். முப்பது வருஷம் முட்டி போட்டுச் செய்த வேலை. முட்டி இரண்டும் தேய்ந்துவிட்டன, கண் மட்டும் தேயவில்லை.

இப்படிப்பட்ட ஆளை எங்கேயும் கூட்டிக்கொண்டு போகமுடியாது. உடம்பு சரியில்லாத சொந்தக்காரரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனால், படுத்திருப்பவரை விசாரிப்பதற்கு முன் வராந்தாவின் தரையை விசாரிப்பார். "யாரு போட்டது இது? வாட்டமே இல்ல, கழுவினா தண்ணி எங்க போகும்?" என்று நர்ஸிடம் கேட்பார். பாவம், அந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும்! வாட்டம் என்றால் தண்ணீர் ஓடுவதற்காகத் தரைக்குக் கொடுக்கும் சரிவு. குளியலறை, சமையலறை, மொட்டை மாடி எல்லாவற்றுக்கும் அது வேண்டும். எங்கே மட்டம், எங்கே வாட்டம் என்பதுதான் அவருடைய தொழில் முழுவதும்.

தன் வேலையில் குறை இருக்கிறது என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போகமாட்டார். பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்து வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். குமிழி சமர்த்தாக நடுவில் போய் நிற்கும். குறை சொன்னவர் வாயை மூடிக்கொள்வார். "தப்பு என்னுடையது" என்று முப்பது வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் சொல்ல வேண்டி வந்ததில்லை. வேலைக்காரனுக்கு அது பெருமைதான். கூட இருந்து குப்பை கொட்டுகிறவர்களுக்கு அது அவ்வளவு சௌகரியமில்லை.

கூட இருந்தவர் டிரைவரம்மா, அவருடைய மனைவி. பதினான்கு வருஷமாக ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர். பின்னால் படுத்திருப்பவருக்கு பிரேக் என்று ஒன்று இருப்பதே தெரியக்கூடாது என்பது அவருடைய கட்சி. வேகமாகவும் போகவேண்டும், குலுங்கவும் கூடாது. அவர் கையில் வண்டி அப்படித்தான் போகும். ரசமட்டத்துக்கோ கார் ஓட்டவே தெரியாது. ஸ்கூட்டரோடு சரி.

மூன்று வருஷத்துக்கு முன் டிரைவரம்மாவின் தம்பி ஒரு பழைய சின்னக் காரை வாங்கினான். அவன் ஒர்க்ஷாப் வைத்திருப்பவன். பின் சீட், கார்ப்பெட், ஏசி எல்லாவற்றையும் உரித்துப் போட்டுவிட்டு, உள்ளே இரும்புக் கூண்டு கட்டி, இன்ஜினை முறுக்கேற்றி, அதைப் போட்டிக்குத் தயார் செய்தான். ஊருக்கு வெளியே கைவிட்ட விமான ஓடுதளம் ஒன்று இருந்தது. மாதத்தில் ஒரு ஞாயிறு அங்கே கிளப்காரர்கள் போட்டி நடத்துவார்கள். ஒவ்வொரு காராகத் தனியாக விட்டு, வளைந்து நெளிந்து போகும் பாதையை யார் சீக்கிரம் முடிக்கிறார்கள் என்று கடிகாரம் பிடிப்பார்கள். "சும்மா ஒரு சுத்து ஓட்டிப் பாருக்கா" என்று தம்பி சொல்ல, டிரைவரம்மா ஓட்டினார். முப்பது பேரில் நாலாவதாக வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே, "பின்னால யாருமே இல்லாம நான் வண்டி ஓட்டினது இதுதாண்டா முதல் தடவை" என்றார்.

அன்றைக்கு அந்த முகத்தைப் பார்த்த ரசமட்டம், வீட்டை ஒட்டிச் சும்மா கிடந்த இடத்தில் ஷெட் போட்டார். தரையைத் தன் கையாலேயே போட்டார். கழுவுவதற்கு வாசல் பக்கம் இடது மூலையில் ஒரு தண்ணீர்த் துளை வேண்டும் என்று டிரைவரம்மா கேட்டதால் அதையும் வைத்தார். ஆனால் வாட்டம் மட்டும் கிடையாது, தண்ணீரைத் தள்ளித்தான் விடவேண்டும், கார் நிற்கிற தரை கண்ணாடி மாதிரி மட்டமாக இருக்கவேண்டும் என்று சொல்லிவிட்டார். மனைவிமேல் பிரியமில்லாதவர் என்று யாரும் அவரைச் சொல்லமுடியாது.

பத்து மாதத்துக்கு முன் தராசு வந்தது. நாலு தட்டையான பலகைகள். நாலு சக்கரத்தின் அடியிலும் ஒவ்வொன்று. நாலிலிருந்தும் ஒயர் ஓடி ஒரு சின்னப் பெட்டியில் சேரும். பெட்டியில் நாலு எண்கள் தெரியும், ஒவ்வொரு சக்கரமும் எத்தனை கிலோ தாங்குகிறது என்று. தம்பிதான் அதைப் பற்றிச் சொன்னான். ஆனால் அதைக் கண்டதும் பித்துப் பிடித்ததென்னவோ ரசமட்டத்துக்குத்தான்.

ஆடுகிற மேசையை எல்லோரும் பார்த்திருக்கிறோம். எதிரெதிர் மூலையில் இரண்டு கால்கள் பாரத்தைத் தாங்கும், மற்ற இரண்டும் ஒப்புக்குத் தொட்டுக்கொண்டு நிற்கும். காரும் அப்படித்தான். முன் வலது சக்கரமும் பின் இடது சக்கரமும் ஒரு ஜோடி. முன் இடதும் பின் வலதும் இன்னொரு ஜோடி. இரண்டு ஜோடியும் சமமாகத் தாங்கினால்தான் கார் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரேமாதிரி திரும்பும். ஒரு ஜோடி அதிகம் தாங்கினால் ஒரு பக்கம் திரும்ப அடம் பிடிக்கும், மறுபக்கம் வாலை வீசும். ஸ்பிரிங்கின் அடியில் மரை போட்ட வளையம் ஒன்று இருக்கும். அதைத் திருகி ஒரு மூலையை ஏற்றினால் அந்த மூலையிலும் அதற்குக் குறுக்கே இருக்கும் மூலையிலும் பாரம் கூடும், மற்ற இரண்டிலும் குறையும். மொத்த எடை மாறாது.

இதெல்லாம் ரசமட்டத்துக்கு ஒருதரம் சொன்னதுமே விளங்கிவிட்டது. விளங்கியதோடு நின்றாரா! டயர் காற்றை நாலிலும் ஒன்றாக்குவார். பெட்ரோலைப் பாதித் தொட்டி வைப்பார். இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் பிணைக்கும் கம்பியின் ஒரு முனையைக் கழற்றிவிடுவார், இல்லாவிட்டால் ஒன்றின் பாரத்தை மற்றது வாங்கிக்கொண்டு பொய்க்கணக்குச் சொல்லும். ஒவ்வொரு சக்கரத்துக்கும் கீழே இரண்டு டைல்ஸை முகத்தோடு முகம் வைத்து நடுவில் கிரீஸ் தடவுவார், சக்கரம் இழுபடாமல் தானாக வழுக்கிக்கொண்டு உட்கார. டிரைவர் உட்கார்ந்தால் என்ன எடையோ அதையும் சீட்டில் வைத்தாகவேண்டும். டிரைவரம்மாவுக்கு டியூட்டி நேரம் ஒத்துவராது என்று, இருபது கிலோ டைல்ஸ் பசை மூட்டை மூன்று, மேலே நாலு கிலோ பொட்டலம் ஒன்று.

"அப்ப நான் மூணரை மூட்டையா?" என்று டிரைவரம்மா கேட்டார்.

"மூணேகால்" என்றார் ரசமட்டம், சிரிக்காமல்.

அந்த முதல் ஞாயிறு மாலைக்குள் இரண்டு ஜோடியும் நானூற்று முப்பது, நானூற்று முப்பது. சரிபாதி. அதை ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, ஷெட் சுவரில் ஒட்டினார்.

அடுத்த போட்டியில் டிரைவரம்மா பதினோராவதாக வந்தார். இறங்கியதும் சொன்னார், "என்னங்க, லெஃப்ட்ல திரும்பமாட்டேங்குது. மூக்கு வெளியவே போகுது. ரைட்ல பின்பக்கம் வழுக்குது."

"சரிபாதி இருக்கு. தாளைப் பாத்தியா?"

"தாளைப் பாத்தேன். வண்டி திரும்பல."

"நீ பேஷன்ட் பின்னால படுத்திருக்கற மாதிரியே திருப்பறே. கொஞ்சம் தைரியமாத் திருப்பு."

இந்தப் பேச்சு பத்து மாதம் நடந்தது. மாதத்துக்கொரு தரம் எடை போடுவார், ஒரே இடத்தில் நிறுத்தி, சரிபாதிக்குக் கொண்டுவருவார். மாதத்துக்கொரு தரம் டிரைவரம்மா அதையே சொல்வார். ரசமட்டம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. குமிழி நடுவில் நிற்கும்போது எந்த வாடிக்கையாளரின் பேச்சை அவர் காதில் போட்டுக்கொண்டிருக்கிறார்? அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. ஓடுதளத்தில் டீ குடிக்கிற இடத்தில் நாலு பேர் நடுவில், "லெஃப்ட்டுன்னா எங்க வீட்டம்மாவுக்குக் கொஞ்சம் பயம்" என்று சொல்லிவைத்தார். எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை, ஒரு தமாஷுக்குத்தான். இந்தத் தமாஷ் என்கிற வார்த்தைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு புருஷன்மார்கள் எத்தனை காலமாகப் பிழைத்துவருகிறார்கள் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை.

போன மாதம் ஓர் இடது வளைவில் கார் திரும்பாமல் நேரே போய் டயர் அடுக்கில் முட்டியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, பம்பர் மட்டும் தொங்கியது. தம்பியின் வண்டியில் திரும்பி வரும் வழியில் ரசமட்டம் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: "பயந்துட்டே." அதற்குப் பிறகு டிரைவரம்மா காரைப் பற்றிப் பேசவே இல்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னார், "காரைத் தம்பியே எடுத்துக்கிட்டுப் போகட்டும். கிளப்ல யாராவது ஓட்டட்டும். ஆபீஸ்லயும் எழுதிக் கொடுத்துட்டேன். இனிமே வண்டி ஓட்டல. போன் எடுக்கற இடத்துக்கு மாத்திக்கறேன்."

ரசமட்டத்தின் கை தட்டிலேயே நின்றது. "ஏன்?"

"வயசாகுதுல்ல. முதுகு வலி."

முதுகு வலி இருந்தால் முதலில் அவருக்குத்தான் தெரிந்திருக்கும். முப்பது வருஷமாக இந்த வீட்டில் வலி என்றால் அது அவருடைய முட்டி வலிதான். ஆனால் அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வருமோ என்று அவருக்கு உள்ளுக்குள் பயமாக இருந்தது.

ஞாயிறு சாயங்காலம் தம்பி வந்து காரை எடுத்துக்கொண்டு போவதாக ஏற்பாடு. காலையில் டிரைவரம்மா ஷெட்டின் பின்சுவரை ஒட்டியிருந்த அலமாரியைக் காலி செய்தார். ஹெல்மெட், கையுறை, போட்டி உடுப்பு எல்லாவற்றையும் ஓர் அட்டைப்பெட்டியில் போட்டுக் கட்டினார். அலமாரியை இருவருமாக வெளியே தூக்கி வைத்தார்கள். பிறகு டிரைவரம்மா துணி உலர்த்தப் போய்விட்டார்.

ரசமட்டத்துக்கு மனசு கேட்கவில்லை. கார் போவதென்றால் சரியான தாளோடு போகட்டும். தன் கையால் கடைசியாக ஒருதரம் எடை போட்டு எழுதிக் கொடுத்துவிடலாம் என்று தராசை எடுத்தார். ராத்திரி மழை பெய்திருந்ததால் வாசல் பக்கம் ஈரமாக இருந்தது. பின்னால்தான் அலமாரி போய் இடம் கிடைக்கிறதே என்று, எப்போதும் நிறுத்துகிற இடத்தைவிட ஒரு கஜம் உள்ளே தள்ளி நிறுத்தினார். காற்று, பெட்ரோல், கம்பி, கிரீஸ், மூணேகால் மூட்டை, எல்லாம் வரிசையாக. காரை நாலு மூலையிலும் அமுக்கி ஆட்டி உட்காரவைத்துவிட்டுப் பெட்டியைப் பார்த்தார்.

ஒரு ஜோடி நானூற்று ஐம்பத்து நாலு. மற்றது நானூற்று ஆறு.

அவர் முதலில் மூட்டைகளைச் சந்தேகப்பட்டார். அடுத்து டயர் காற்றை. அடுத்து டயர் அடுக்கில் முட்டியதில் ஏதாவது வளைந்ததோ என்று குனிந்து பார்த்தார். முட்டின பிறகு இரண்டு வாரத்துக்கு முன் எடை போட்டபோது சரிபாதிதானே காட்டியது! பிறகு தராசைச் சந்தேகப்பட்டு, பலகைகளை இடம் மாற்றி வைத்தார். அதே ஐம்பத்து நாலு, அதே ஆறு. சந்தேகப்பட வேண்டியவர்கள் எல்லோரும் தீர்ந்துபோனார்கள். பிறகு வேறு வழியில்லாமல் காரைப் பழைய இடத்துக்கே ஒரு கஜம் பின்னால் தள்ளி, திரும்ப எடை போட்டார்.

நானூற்று முப்பது. நானூற்று முப்பது.

கார் அதேதான், மூட்டை அதேதான், தராசு அதேதான். மாறினது தரை ஒன்றுதான்.

ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் இடது மூலைக்குப் போனார். பின் இடது சக்கரம் எப்போதும் நிற்கிற இடம் அது, தண்ணீர்த் துளைக்கு ஒரு சாண் தள்ளி. ரசமட்டத்தை வைத்தார். குமிழி நடுவில் நிற்கவில்லை. ஓரத்துக்குப் போய் ஒட்டிக்கொண்டது. அவர் அதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார். மட்டக் குழாயில் தண்ணீர் நிரப்பிக் கொண்டுவந்து அளந்தார். எட்டு மில்லி தாழ்வு. வேறொருவர் வீடாக இருந்தால் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கண்டுபிடித்திருப்பார்.

தரையில் உட்கார்ந்து யோசித்தபோது எல்லாம் ஞாபகம் வந்தது. ஷெட் போட்ட வாரம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் நாற்பது குளியலறை போட்டுக்கொண்டிருந்தார். அதை முடித்துவிட்டு வந்து இந்தத் தரையின் கடைசி வரிசையைப் போட்டார். ஒவ்வொரு வரிசையாக நூல் பிடித்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தவர், கடைசி டைல்ஸை மட்டும் பார்க்கவில்லை. பக்கத்தில் துளை இருந்தது. துளையைக் கண்டதும் கை தானாக ரப்பர் சுத்தியலால் அந்தப் பக்கம் நாலு தட்டு அதிகமாகத் தட்டி, வாட்டம் கொடுத்துவிட்டது. முப்பது வருஷமாக அந்தக் கை அதைத்தான் செய்கிறது. வாய் வாட்டம் வேண்டாம் என்று சொன்னது கைக்குத் தெரியாது. கத்துக்குட்டி யாராவது போட்டிருந்தால் இந்தத் தவறு நடந்திருக்காது.

டிரைவரம்மா முதல்முறை ஷெட்டைக் கழுவிய அன்று, "தண்ணி தானா ஓடுதுங்க, அருமையாப் போட்டிருக்கீங்க" என்று சொன்னாரே! அதைப் பாராட்டு என்று வாங்கிக்கொண்டு மீசையைத் தடவிக்கொண்டவர் அவர்தானே. மட்டமான தரையில் தண்ணீர் தானாக எங்கே ஓடும்?

தாழ்ந்த மூலையில் நின்ற சக்கரத்தில் பாரம் குறைவாகத் தெரிந்திருக்கிறது. அதைச் சரிசெய்வதாக நினைத்து அந்த மூலையை ஏற்றி ஏற்றி, நன்றாக ஓடிக்கொண்டிருந்த காரைப் பத்து மாதமாக அவரே கோணலாக்கியிருக்கிறார். மட்டமான ரோட்டுக்குப் போனதும் அந்தக் கார் எப்படி இடப்பக்கம் திரும்பும்? திரும்பாது. திரும்பவில்லை என்றுதான் அவள் சொன்னாள்.

இதைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அவர் யோக்கியர், ஆனாலும் தோன்றியது. சாயங்காலம் தம்பி வருவதற்குள் வளையத்தைத் திருகிச் சரிசெய்து, காரை அனுப்பிவிட்டால் யாருக்கும் தெரியாது. கார் போய்விடும். டிரைவரம்மா நாளையிலிருந்து போன் எடுப்பார். ஓய்வு பெறுகிற வரைக்கும், தன் கைதான் கெட்டுப்போனது என்று நினைத்துக்கொண்டு போன் எடுப்பார். அதை நினைத்ததும் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

கொடிக்கு அருகில் போய் நின்றார். டிரைவரம்மா காக்கிச் சட்டையை உதறிக்கொண்டிருந்தார்.

"தரை கோணல்" என்றார் ரசமட்டம்.

"எந்தத் தரை?"

"நம்ம ஷெட்டு. நான் போட்டது. அந்த மூலையில எட்டு மில்லி இறக்கம். நான் சரின்னு வெச்சதெல்லாம் தப்பு. கார்தான் திரும்பல. உன் மேல ஒண்ணும் இல்ல."

டிரைவரம்மா சட்டையை மெதுவாகக் கொடியில் போட்டு, இரண்டு கிளிப் மாட்டினார். "எப்பத் தெரியும்?"

"இப்பத்தான். அரை மணி நேரம் ஆச்சு."

"எனக்குப் பத்து மாசமாத் தெரியும்" என்றார் டிரைவரம்மா. "அப்புறம் தெரியாமப் போச்சு."

காரை உடனே சரிசெய்துவிடுவதாகச் சொல்லி ரசமட்டம் ஷெட்டுப் பக்கம் திரும்பினார். டிரைவரம்மா கையை நீட்டித் தடுத்தார்.

"இருங்க. சரி பண்ணாதீங்க. கம்பிய மட்டும் மாட்டுங்க. மூட்டைய இறக்குங்க. வந்து உக்காருங்க."

"நானா?"

"பத்து மாசமா மூட்டையத்தானே உக்கார வெச்சீங்க. இன்னிக்கு நீங்க உக்காருங்க."

இரண்டு தெரு தள்ளி, மொத்தச் சந்தையின் லாரிகள் நிற்கிற பெரிய மைதானம் ஞாயிற்றுக்கிழமைகளில் காலியாகக் கிடக்கும். டிரைவரம்மா அங்கே காரை விட்டார். ரசமட்டம் அந்தக் காரில் உட்காருவது அதுதான் முதல் தடவை. பெல்ட் எங்கே மாட்டுவது என்றே தெரியவில்லை, மனைவிதான் குனிந்து மாட்டிவிட்டார். முதலில் வலப்பக்கம் ஒரு சுற்று. பின்பக்கம் ஒரு விதமாக நழுவப் பார்த்தது, டிரைவரம்மாவின் கை ஒரு நூலளவு அசைந்து அதைப் பிடித்துக்கொண்டது. பிறகு வேகம் எடுத்து இடப்பக்கம் திருப்பினார்.

கார் திரும்பவில்லை. ஸ்டீயரிங் திரும்பியது, முன் சக்கரங்கள் திரும்பினதும் தெரிந்தது, ஆனால் கார் தன்பாட்டுக்கு நேரே சந்தையின் சுற்றுச்சுவரைப் பார்த்துப் போனது. டயர்கள் கீச்சென்று கத்தின. ரசமட்டம் கூண்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். சுவரில் எழுதியிருந்த எழுத்தெல்லாம் பெரிதாகிக்கொண்டே வந்தன. டிரைவரம்மா அவசரப்படாமல் வேகத்தைக் குறைத்து, ஸ்டீயரிங்கைச் சற்றுத் தளர்த்தி, மறுபடி திருப்பி, காரைச் சுவருக்கு எவ்வளவோ முன்பாகவே வளைத்துக்கொண்டு வந்துவிட்டார். இதையே இன்னும் இரண்டு தரம் செய்தார். பிறகு நடு மைதானத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்தார்.

"இப்பச் சொல்லுங்க. யாருக்குப் பயம்?"

"எனக்கு" என்றார் ரசமட்டம். இரண்டு கையும் இன்னும் கூண்டுக் கம்பியை விடவில்லை. "இதையா மாசாமாசம் ஓட்டினே?"

"நான் சொன்னத நீங்க நம்பல. தரைய நம்புனீங்க." டிரைவரம்மா கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். "அது கூடப் பரவால்ல. நாளாக நாளாக நானும் தரையத்தான் நம்புனேன். உங்க வேலையில தப்பு இருக்காதுன்னு எனக்குத்தான் தெரியுமே. அப்ப தப்பு எங்க இருக்கும்? என் கையிலதானே. போன வாரம் ஆம்புலன்ஸ்ல லெஃப்ட்ல திரும்பறப்ப அவ்வளவு ஸ்லோ பண்ணிட்டேன். பின்னால பேஷன்டோட இருந்த உதவிப் பையன் கேக்கறான், 'என்னக்கா, வண்டில எதாவது பிரச்சினையா'ன்னு. உள்ள ஒரு அம்மா மூச்சுக்குத் தவிச்சுக்கிட்டிருக்காங்க. அன்னிக்குத்தான் எழுதிக் கொடுக்கணும்னு முடிவு பண்ணேன்."

ரசமட்டம் அழுதார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி. டிரைவரம்மா அவரைத் தேற்றவில்லை. தேற்றவும் வேண்டியதில்லை. சாவியில் கை வைத்து, "போலாமா?" என்று மட்டும் கேட்டார்.

"அந்த லெட்டரத் திருப்பி வாங்கிடேன்."

"எனக்கே தெரியலங்க. வண்டியச் சரி பண்ணிடலாம். ஒரு வளையத்தத் திருகினா முடிஞ்சுது. கைக்குச் சந்தேகம் வந்துட்டா எதைத் திருகறது?"

சாயங்காலம் தம்பி வந்தான். அவனிடம் ரசமட்டமே சொன்னார். அவன் சிரித்துவிட்டு, "என்ன மாமா, உங்க தரையா!" என்றான். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டான். கிளப் தலைவருக்கு போன் போட்டுத் தரச் சொல்லி, அவரிடமும் ரசமட்டம் சொன்னார். டீ குடிக்கிற இடத்தில் அன்று சிரித்த நாலு பேருக்கும் தனித்தனியாகச் சொன்னார். ஒவ்வொரு தரம் சொல்லும்போதும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பழக்கமில்லாத வாய். தம்பி காரை எடுத்துக்கொண்டு போகவில்லை.

திங்கட்கிழமை காலை, வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ரசமட்டம் ஆம்புலன்ஸ் ஆபீசுக்குப் போனார். உடுப்பில் சிமெண்டுக் கறை, கையில் வேலைப் பை. அதிகாரி முன்பு ராணுவத்தில் இருந்தவர், ஒட்ட வெட்டிய நரைமுடி. "யாரு, நம்ம டிரைவரம்மா வீட்டுக்காரரா? உக்காருங்க" என்றார்.

ரசமட்டம் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். துளை, ரப்பர் சுத்தியல், நாற்பது குளியலறை, நாலு பலகை, எதிரெதிர் ஜோடி, எட்டு மில்லி. அதிகாரி பேனாவை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டார். பாதிக்கு மேல் அவருக்குப் புரிந்ததாகத் தெரியவில்லை.

"சரிங்க. உங்க வீட்டுத் தரை கோணல். அதுக்கும் எங்க வண்டிக்கும் என்ன சம்பந்தம்? இதை ஏன் எங்கிட்ட சொல்றீங்க?"

"அவங்களுக்குப் பயம்னு நான் நாலு பேர்கிட்ட சொன்னேன் சார். தப்பு என்னுது. அதனால எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு வரேன்."

அதிகாரி ஒரு ஃபைலை இழுத்தார். "பாருங்க, பதினாலு வருஷத்துல ஒரு கீறல் இல்லாத டிரைவர். எனக்கும் அனுப்ப மனசில்ல. மாத்தல் வேண்டாம்னு அவங்க எழுதிக் கொடுத்தா பயிற்சியாளரை வெச்சு ஒரு தடவை ஓட்டிப் பாத்துட்டுத் திருப்பி எடுத்துக்கலாம். ஆனா உடம்பு முடியலன்னு எழுதியிருந்தா வேற விஷயம். அவங்க எழுதியிருக்கறத நீங்க படிச்சீங்களா?"

"இல்ல சார்."

அதிகாரி தாளைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினார். மூன்றே வரி. மனைவியின் குண்டு குண்டான கையெழுத்து. முதுகு வலி என்று எங்கேயும் இல்லை. ‘இடப்பக்கம் திரும்பும்போது என் கையை என்னால் நம்பமுடியவில்லை. பின்னால் இருப்பவர்களின் உயிர் விஷயம் என்பதால் சொல்கிறேன். எனக்குப் பயம் வந்துவிட்டது.’

ரசமட்டம் அந்தக் கடைசி வரியை விரலால் தொட்டார். "இது அவங்க எழுதினது இல்ல சார்."

"என்ன சொல்றீங்க? அவங்க கையெழுத்துதானே."

"கையெழுத்து அவங்களது. இந்த வரி என்னுது. நான்தான் சொல்லிச் சொல்லி அவங்க கையில எழுத வெச்சேன்."

ஆபீசில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அடுத்த அறையில் யாரோ எடுத்து முகவரி கேட்டார்கள். அதிகாரி ஒரு வெள்ளைத் தாளையும் தன் பேனாவையும் எடுத்து நீட்டினார். பென்சிலால் அளவும் எண்ணும் குறிப்பதைத் தவிர வேறெதுவும் எழுதிப் பழகாத ரசமட்டம், அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்து, நாலு வரி எழுத அரை மணி நேரம் எடுத்துக்கொண்டார். தரை கோணல், போட்டது நான், என் மனைவி முதல் நாளிலிருந்தே சரியாகச் சொன்னாள், அவள் கையில் ஒரு குறையும் இல்லை. கீழே கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டார்.

அதிகாரி அதை வாங்கி இரண்டு தரம் படித்தார். "இதை எந்தக் கணக்குல சேர்க்கறதுன்னே எனக்குத் தெரியலையே" என்றார்.

"அவங்க தாளுக்கு மேலயே வைங்க சார்" என்றார் ரசமட்டம்.